ஓட்டில் விழுந்த வெள்ளைத் திட்டு

ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு நத்தைகள் இருந்தன. பெரிய நத்தையின் ஓட்டில் வெள்ளைத் திட்டு ஒன்று விழுந்தது.

"அண்ணே, முதுகு வெளுத்திருக்கே, வலிக்குதா?" என்று கேட்டது சின்ன நத்தை.

"என் முதுகு எனக்கெங்கே தெரியுது? நீ தடவிக் கொடுத்தா இதமா இருக்கு."

சின்னது தினமும் மேலே ஏறி நாக்கால் தடவிக் கொடுத்தது. திட்டு பள்ளமானது.

அவற்றை வளர்த்த செண்பகவல்லி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். பள்ளம் முழுக்கச் சுரண்டிய தடம். சுண்ணாம்புச் சத்துக்கு ஏங்கிய சின்னது பெரியதின் ஓட்டைத் தின்றிருக்கிறது என்று புரிந்துகொண்டு, முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினாள்.

அன்றிலிருந்து சின்னது அந்தப் பக்கமே வரவில்லை. பள்ளமும் பெருகவில்லை.

"என்மேல கோபமா தம்பி? முன்னெல்லாம் எவ்வளவு அக்கறையா இருந்தே!" என்றது பெரியது.

"கோபமெல்லாம் இல்லண்ணே. இப்ப வயிறு நிறைஞ்சிருக்கு."