தினமும் தலைக்குக் குளியல்

"எழுந்திரு. இங்கேயும் ஆரம்பிச்சிட்டியா?"

அக்கா முழங்கையால் ஓர் இடி இடித்ததில் தம்பி மனைவி திடுக்கிட்டுக் கண் விழித்தாள்.

தூக்க ஆராய்ச்சி மையத்தின் வரவேற்பறை அது. எதிரே மூடிய கதவுக்குப் பின்னால் தம்பிக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. விளக்கு எரிந்த கணமே பட்டனைத் தட்ட வேண்டும். ஒரு மணி நேரம் அசராமல் தட்ட வேண்டும்.

தம்பி துறைமுகத்தில் ராத்திரி ஷிஃப்ட் கிரேன் ஆபரேட்டர். பன்னிரண்டு மாடி உயரத்தில் உட்கார்ந்து கண்டெய்னர்களைக் கப்பலில் இறக்குகிறவன். பகலில் தூக்கம் பிடிக்காமல் ஒரு வருஷம் தவித்தான். போன முறை இதே பரீட்சையில் தோற்றதும், அதே ராத்திரி ஷிஃப்டில் கீழே சீட்டு எழுத உட்கார வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் தோற்றால் இனி ஜென்மத்துக்கும் கிரேன் ஏற முடியாது.

"அவன் பிழைப்பே அந்தக் கதவுக்குள்ள இருக்கு. உனக்கு எப்படித்தான் தூக்கம் வருதோ" என்றாள் அக்கா.

"கண் அசந்துட்டேன் அண்ணி."

"இன்னைக்கு மட்டுமா அசந்தே?"

அந்த நேரம் பார்த்து டெக்னீஷியன் அம்மா டேப்லெட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அக்காவுக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"நீங்களே கேளுங்கம்மா. தம்பி ராவெல்லாம் முறிஞ்சு காலையில வீட்டுக்கு வரான். அவன் குளிக்கப் போனதும் இவ தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, சமையலறை நாற்காலியில சாய்ஞ்சு கொறட்டை விடறா. கேட்டா தலைக்குக் குளிச்சேன்கறா. ஆறு வாரமா தினமும் தலைக்குக் குளியல். இப்படிக் குளிச்சா தலையில முடி நிக்குமா?"

டெக்னீஷியன் தம்பி மனைவி பக்கம் திரும்பினாள்.

"நான் வந்ததே அதுக்குத்தான். உங்க வீட்டுக்காரர் பகல்ல நல்லா தூங்கறதுக்காக நாங்க குடுத்த தலைப்பட்டை லேசா கரண்ட் மட்டும் விடாது. மூளையில ஓடுற அலையையும் பதிவு பண்ணும். அந்த அலை ஆளுக்கு ஆள் மாறும். நாப்பத்திரண்டு நாளும் முதல் இருபது நிமிஷம் அவர் அலை இல்ல. அது வேற தலை."

தம்பி மனைவி செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பட்டையை ஒருத்தர்தான் போடணும்னு கையெழுத்தே வாங்கியிருக்கோம்."

அக்காவுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"துண்டு... அந்தத் துண்டுக்குள்ள இதுதான் இருந்துச்சா? அடிப்பாவி. முதல் நாள் தலையில கரண்டானு அழுது ஊரைக் கூட்டினவ நீ. கடைசியில கட்டின புருஷன் தூக்கத்தையே திருடித் தூங்கியிருக்கே."

"திருடல அண்ணி. போட்டுப் பார்த்தேன்."

"என்னத்தைப் பார்த்தே?"

"கரண்டாச்சே. முதல்ல என் தலையில வச்சு, எனக்கு ஒண்ணும் ஆகலைன்னாத்தான் அவருக்கு மாட்டுவேன். அதுக்குள்ள எனக்குக் கண் சொக்கிடும். நான் என்ன பண்ண?"

டெக்னீஷியனுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அம்மா, அது ஷாக் இல்ல. ஆழ்ந்து தூங்கறப்ப மூளையில மெதுவா ஒரு அலை வரும். ஆடற ஊஞ்சலை விரலால தள்ற மாதிரி அதை லேசா தள்ளிவிடறோம், அவ்வளவுதான். சரி, முதல் நாள் போட்டுப் பார்த்தீங்க, ஒண்ணும் ஆகல. மிச்சம் நாப்பத்தோரு நாள் எதுக்கு?"

"கரண்டை நம்ப முடியுமாம்மா? நேத்து ஒழுங்கா வந்துச்சுன்னா இன்னைக்கும் ஒழுங்கா வருமா?"

டெக்னீஷியன் டேப்லெட்டை மூடினாள். "டாக்டர்கிட்ட சொல்லியே ஆகணும். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்று முணுமுணுத்தபடி எழுந்து போனாள்.

அக்காவின் சுருதி இறங்கியிருந்தது.

"சரி, அவனுக்கு மாட்டிவிட்டுட்டு நீயும் படுக்க வேண்டியதுதானே?"

"தலையில கம்பியோட படுத்திருக்கறவரை விட்டுட்டு எப்படி அண்ணி தூங்கறது? அவர் எந்திரிக்கற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பேன்."

"ராத்திரி?"

"தூக்கக் கலக்கத்தோட வேலைக்குப் போயிருக்கார். எனக்கு எங்க தூக்கம் வரும்?"

அக்கா மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். ஆறு வாரமாக இவள் உருப்படியாகத் தூங்கியதே அந்த இருபது நிமிஷம்தான். அதைத்தான் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தாள். சொன்ன வாயை எங்கே கொண்டு போய்க் கழுவுவது?

"இங்க வா. சாய்ஞ்சுக்கோ."

"வேணாம் அண்ணி. அவர் வந்துடட்டும்."

"சாய்ஞ்சுக்கோன்னு சொன்னா சாய்ஞ்சுக்கோ."

தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்தி வைத்துக்கொண்டாள். பட்டையும் இல்லை, கரண்டும் இல்லை. இரண்டே நிமிஷத்தில் மெல்லிய கொறட்டை கேட்டது. அக்காவின் கை மரத்துப்போயிற்று. அவள் அசையவில்லை.

கதவு படாரென்று திறந்தது. தம்பி கையில் முத்திரை குத்திய காகிதம். முகமெல்லாம் பல்.

"அக்கா, பாஸ்! ஒரு விளக்கைக்கூட விடல. நாளைக்கே மேல ஏறலாமாம்!"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் உதட்டில் விரலை வைத்து அவனை முறைத்தாள்.

"கத்தாதேடா. இப்பதான் தூங்கினா."