நல்ல வாசனை வந்த சாயங்காலம்

மதி நான்காவது பாட்டில் சென்ட்டை முழங்கையில் அடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பச்சைத் தேநீர் என்று போட்டிருந்தது. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை, கழுவிக் கவிழ்த்த டம்ளர் வாசனைதான் வந்தது. இதை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்று அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

நாளைக்கு அண்ணா நகர் மாலில் அவளுக்குச் சோதனை. சென்ட் கவுண்டர் வேலை. பெயரை மறைத்து ஐந்து பாட்டில்களை நீட்டுவார்கள். முகர்ந்து பார்த்து, கேட்கிறவர்கள் வாங்கும்படி இரண்டு வரி சொல்ல வேண்டும்.

"நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னீங்கன்னா வீட்டுக்குப் போயிடலாம்" என்று கவுண்டர் மேலாளர் சங்கமித்ரா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். பழகிக்கொள்ள ஐந்தையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தாள்.

வேலை தேடி அலைந்து செருப்புத் தேய்ந்த மதிக்கு இந்த வேலை வேண்டும். ரொம்பவே வேண்டும்.

பீச் பழத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. பாட்டிலிலிருந்து வந்தது குழந்தைகளுக்கு ஊற்றும் காய்ச்சல் மருந்து. லிச்சி, ரோஸ்மில்க்கில் ஊறின நுங்கு. மாம்பழம் என்று எழுதியிருந்ததில் மாம்பழத்தைக் காணோம், பழம் வந்த பெட்டியின் வைக்கோல்தான் இருந்தது.

ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு தெளியும் என்று சொல்லித் தந்திருந்தார்கள். எர்ணாவூர் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் காப்பிக்கொட்டைக்கு எங்கே போவது? மதி கருவாட்டு டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். மூக்கு நன்றாகவே தெளிந்தது.

ஐந்தாவது, கறுப்புத் தேநீர். டீ மாஸ்டர் கல்யாணத்துக்குக் கிளம்பி நிற்கிற மாதிரி இருந்தது. அவளுக்குப் பிடித்துப்போயிற்று. இரண்டு கைக்கும் கழுத்துக்கும் துப்பட்டாவுக்கும் தாராளமாக அடித்தாள்.

மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. கதவு திறந்திருந்தது.

வெளியே நடையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பச்சையம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

அந்தக் கட்டடத்து மூக்குகளைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நாலு பக்கமும் ஆலை. அழுகின முட்டை நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்துவார்கள். பிளீச்சிங் பவுடர் நெடி வந்தால் கண்ணைக் கழுவுவார்கள். மண்ணெண்ணெய் நாற்றத்துக்கு யாரும் சீரியலைக்கூட நிறுத்துவதில்லை.

நல்ல வாசனை மட்டும் அந்தப் பக்கம் வந்ததே கிடையாது.

"இன்னாடி இது, வாசன நல்லா கீது!" பச்சையம்மா அலறினாள். "எத்தையோ தொறந்து வுட்டானுங்கோ! எல்லாம் வெளிய ஓடியாங்கோ!"

கண் மூடித் திறப்பதற்குள் கட்டடம் காலி. அடுப்பை அணைப்பது, துணியை நனைத்து மூக்கில் கட்டுவது, நடக்க முடியாதவர்களை நாற்காலியோடு தூக்குவது எல்லாம் அவர்களுக்குப் பழகின வேலை. மதியும் பதறிப்போய்ப் பாட்டில் பையை அள்ளிக்கொண்டு ஓடினாள். ஐந்து சென்ட்டும் கருவாடும் ஏறின அவள் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை.

சாலையோரத்தில் ஆட்டோக்கார வேலப்பன் துண்டை உயர்த்திப் பிடித்துக் காற்று பார்த்தார். காற்று கடல் பக்கமிருந்து வந்தது. எல்லாரும் கடலைப் பார்த்து நகர்ந்தார்கள்.

வாசனையும் நகர்ந்தது.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனார்கள். அங்கேயும் வந்துவிட்டது.

"எங்க போனாலும் கூடவே வந்துகினு கீதே நைனா!" என்று வேலப்பன் தலையில் கை வைத்தார். அவர் அனுபவத்தில் காற்றை எதிர்த்து வருகிற வாயுக் கசிவு இதுதான் முதல் தடவை.

பச்சையம்மா போனில் தீயணைப்பு நிலையத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "கொழந்த மருந்து வாசன சார். அப்பால பழ வாசன. இப்போ பார்த்தா டீக்கட வாசன!"

டீக்கடை என்ற சொல் காதில் விழுந்ததும் மதி மெதுவாகத் துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டுபோனாள். வெளிக்காற்றில் மூக்கு கொஞ்சம் தெளிந்திருந்தது. சந்தேகமே இல்லை. கசிவு அவள்தான்.

சொல்லிவிடலாமா? சொன்னால் அவள் கல்யாணப் பந்தியிலும் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. பச்சையம்மாவுக்கு வருகிற கோபத்தில் ஐந்து பாட்டிலும் பையோடு சாக்கடையில் போகும், நாளைக்கு எந்த முகத்தோடு மாலில் போய் நிற்பது?

எதிரே ஒருத்தி கைக்குழந்தையின் மூக்கை ஈரத்துணியால் பொத்திக்கொண்டு அழுதாள். நாற்காலியோடு தூக்கி வந்த பெரியவருக்கு மூச்சிரைத்தது. மதிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. வேலை போனால் போகட்டும்.

"அக்கா..." என்று கையைத் தூக்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆலை ஜீப் கிறீச்சிட்டு நின்றது. முகக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே ஓர் இளைஞன் குதித்தான். வேலைக்குப் புதுசு போலிருக்கிறது, இன்னும் பொய் சொல்லப் பழகவில்லை.

"உள்ள யாரும் இல்லையே? எல்லாரும் வந்துட்டீங்களா?" கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. "குழாய்ல கசிவு. இப்பதான் அடைச்சோம். இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா அப்படியே மயங்கி விழுந்திருப்பீங்க."

பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் ஒருமாதிரி பார்த்தான்.

"ஆமா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அந்த கேஸுக்கு வாசனையே கிடையாதே!"

"நாங்க இன்னா நேத்தா வந்தோம் சார்? எங்க மூக்குக்குத் தெரியாததா!" என்றாள் பச்சையம்மா. கூட்டம் சிரித்தது. வேலப்பன் விசிலே அடித்துவிட்டார்.

மதி தூக்கின கையை இறக்கினாள். அவ்வளவு நேரமும் வெட்கம்தான் இருந்தது. பயம் அப்போதுதான் வந்தது.