மிர்தெயின் நாற்காலி

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரக் கிளை அலுவலகத்தில் ஒரு நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு, அடியிலிருந்த திருகாணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள் யோரீன். கடைசித் திருகு கழன்றதும் நைந்த இருக்கை கையோடு வந்தது.

“எதுக்கு இந்தப் பாடு? புதுசாவே ஒண்ணு வாங்கிடலாமே,” என்றான் உடன் வேலை செய்யும் ரூலோஃப்.

“போடா. இதோட உயரம், சாய்மானம் எல்லாம் மிர்தெக்குன்னு வெச்சது. இத்தனை மாசம் கழிச்சு வர்றா, மெத்துன்னு உட்காரட்டும்.”

மிர்தெக்கு விபத்தில் காலில் அடி என்று கேள்விப்பட்ட அன்றே, ‘சீக்கிரம் குணமாகி வா’ அட்டை வாங்கி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி அனுப்பியவளும் யோரீன்தான். பக்கத்து மேசைத் தோழிக்கு வேறு யார் செய்வார்கள்? போய்ப் பார்க்கத்தான் நேரம் அமையவில்லை.

புது இருக்கையைப் பொருத்தி ரிப்பன் கட்டினாள். ஆப்பிள் கேக்கும் வந்துவிட்டது.

கதவு திறந்தது. மிர்தெ சக்கர நாற்காலியில் வந்தாள். கால்சட்டையின் இரண்டு கால்களும் முழங்காலோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தன.

யோரீன் நாற்காலியை மெல்லத் தன் பின்னால் இழுத்து மறைக்கப் பார்த்தாள்.

“இருக்கட்டும் யோரீன், என்னைப் பாக்க வர்றவங்களுக்கு ஆகும்,” என்றாள் மிர்தெ. “ஆஸ்பத்திரியிலயும் கட்டில் பக்கத்துல ஒண்ணு போட்டு வெச்சிருந்தாங்க. கடைசி வரைக்கும் இதே மாதிரி புதுசாவே இருந்துச்சு.”