கிளி நாடகத்துக் கள்ளன்

"கள்ளன் வேசத்துக்கு நீதான் சார் சரியான ஆளு" என்று ஏட்டு கோதண்டம் சிரிக்காமல் சொன்னார்.

ஒத்திகையில் இருந்த பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வாத்தியார் ஜானகிராமன் மட்டும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவர் மடியில் கனம் இருந்தது. நாற்பத்திரண்டாம் வருஷத்து ஆகஸ்ட் கலவரம் இன்னும் அடங்கவில்லை. வேப்பம்பட்டுப் பக்கம் ரயில் ரோட்டோரத்துத் தந்திக் கம்பியை யாரோ அறுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த யாரோ, சாட்சாத் இவரேதான். பிடிபட்டால் வருஷக்கணக்கில் ஜெயில்.

அதற்குப் பிறகுதான் ஏட்டு தினமும் அம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வர ஆரம்பித்தார். மகள் வடிவைக் கூட்டிப்போக வருகிறாராம். மகளைக் கூட்டிப்போக வருகிறவன் மணி அடிப்பதற்கு முன்பே வந்து, தூணோடு தூணாக நின்று, ஒத்திகை முடியும்வரை பார்த்துக்கொண்டா இருப்பான்?

நாடகத்தை எழுதியவர் ஜானகிராமன். பாட்டோ வசனமோ, எதுவானாலும் முதலில் இங்கிலீஷில், உடனே தமிழில். நாலு பேர் எதிரில் ரெண்டு பாஷையும் பேசிப் பழகிய பிள்ளை, நாளைக்கு எந்த ஆபீஸ் வாசலிலும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்காது என்பது அவர் கட்சி.

கள்ளனைக் காட்டிக்கொடுக்கும் கிளி வேஷம் வடிவுக்கு. பாடம் ஒப்பிக்க எழுந்தால் முதல் எழுத்திலேயே நாக்கு சிக்கிக்கொண்டு தவிக்கிற பெண் அவள். பாட்டென்றால் மட்டும் சிக்காது. இங்கிலீஷும் தமிழும் மடைதிறந்த மாதிரி வரும். அவள் மேடையேறுவதைப் பார்த்துவிட்டுத் தலைமறைவாகலாம் என்றுதான் ஜானகிராமன் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தார். அசட்டு ஆசைதான், என்ன செய்வது?

அவள் பாடும்போதெல்லாம் ஏட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே யாருக்கு ஜாடை காட்டுகிறாரோ என்று ஜானகிராமன் எட்டிப் பார்ப்பார். வெளியே ஒரு மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

"கள்ளன் வேஷந்தான் ஒரு பையன் கட்டறானே ஏட்டய்யா" என்றார் ஜானகிராமன்.

"போலீசு வேசம் நான் கட்டறேன் சார். சொந்த உடுப்பே கீது. என் கையால பசங்கள இழுத்துகினு போவ மாட்டேன். நீ கட்டு."

"சரி, கள்ளனைப் பிடிச்சதும் ஜனங்க நடுவுல நடத்திக் கூட்டிட்டுப் போங்க. பாக்க நல்லா இருக்கும்."

"வேணாம் சார். பின்னால, ரயில் ரோட்டுப் பக்கமா இட்டுகினு பூடறேன்."

பின்பக்கம் ஆள் நடமாட்டமே கிடையாது. அங்கே வைத்து விலாவை முறித்தாலும் ஏனென்று கேட்க நாதி இல்லை. மறுத்தால் சந்தேகம் இன்னும் வலுக்குமே என்று ஜானகிராமன் தலையாட்டி வைத்தார்.

நாடகத்தன்று சாயங்காலம் முதல் வரிசையில் வெள்ளைக்காரப் போலீஸ் துரை வந்து உட்கார்ந்தார். அவரை யாரும் அழைக்கவில்லை. வாசலில் ஒரு போலீஸ் லாரி நின்றது.

"நாடகம் முடிஞ்சதும் துரை உங்களைப் பார்க்கணுமாம். அதுவரைக்கும் கலாட்டா வேணாமாம்" என்றார் தலைமை ஆசிரியர் உலகநாதன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஜானகிராமனுக்குப் புரிந்துவிட்டது. படுபாவி ஏட்டு, கூடவே இருந்து குழி பறித்துவிட்டான்!

திரை விலகியது. பச்சைச் சிறகை விரித்துக்கொண்டு வடிவு மேடைக்கு வந்தாள். கள்ளன் ஜானகிராமனை நேராகக் கைகாட்டி, 'இவன்தான் கள்ளன்' என்று இங்கிலீஷில் பாடினாள். துரை கை தட்டினார். அதையே தமிழில் பாடினாள். ஊரே கை தட்டியது.

ஓர் எழுத்துகூடச் சிக்கவில்லை. அந்தப் பயத்திலும் ஜானகிராமனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இனி ஜெயில் என்றாலும் போகலாம் என்று தோன்றியது.

"யூ ஆர் அண்டர் அரெஸ்ட்!" என்று கர்ஜித்துக்கொண்டு கோதண்டம் பாய்ந்தார். ஒத்திகையில் மாட்டியது ஜிகினா ஒட்டிய அட்டை விலங்கு. இப்போது மணிக்கட்டில் ஜில்லென்று பட்டது இரும்பு.

"ஏட்டய்யா, இது நிஜ விலங்கு!"

"வாயத் தொறக்காத, நட!"

கோதண்டம் அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். துரை எழுந்து நின்று தட்டினார். போலீஸ்காரன் இவ்வளவு தத்ரூபமாக நடிப்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. மேடையில் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து கடைசிப் பாட்டை ஆரம்பித்தார்கள்.

பின்னால் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. ரயில் கைகாட்டி இறங்குவதற்காக ஒரு கூட்ஸ் வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு நின்றது. கோதண்டம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே எறிந்தார். சட்டைப் பொத்தானைப் பிய்த்தார். ஜானகிராமன் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் அடிக்குக் காத்திருந்தார்.

க்ளிக் என்று விலங்கு கழன்றது.

"நேத்து எம் பொண்ணு கடைக்குப் போயி, தானே வாயத் தொறந்து புளி கேட்டு வாங்கிகினு வந்துச்சு சார்" என்றார் கோதண்டம். கன்னத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"தொரைக்கு நான் பதில் சொல்லணும். மூஞ்சில பலமா ஒரு குத்து வுட்டுட்டு ஓடு சார்!"