சூரப்புலி கழற்றிய பல்ப்

ஒட்டடை அடிக்கிறேன் பேர்வழி என்று ஹால் பல்பை உடைத்தவர், ஹோல்டரில் மாட்டியிருந்த மிச்சத்தைக் கழற்ற ஸ்டூலில் ஏறினார். தெருவில் அவருக்குச் சூரப்புலி என்று பெயர். வைத்தவள் மனைவி.

“சுவிட்சை நம்ப முடியாது. ஷாக் அடிச்சுத் தொலைக்கப் போகுது. ஃபியூஸைப் பிடுங்கினீங்களா?”

“மாடிப்படிக்குக் கீழே போய்ப் பிடுங்கிப் பாக்கெட்லயே வச்சிருக்கேன். நமக்கும் மூளை இருக்குடி!”

“இருந்தாலும் இந்த ரப்பர் கிளவுஸைப் போட்டுக்கோங்க.”

“பாத்திரம் தேய்க்கிறதையா? யாராவது பார்த்தா மானம் போயிடும்.”

“உயிர் போறதுக்குப் பதிலா மானம் போகட்டும். போடுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். குறடால் பிடித்து மெல்ல அழுத்தித் திருப்பியதும், உடைந்த பல்ப் சில்லோடு கையில் வந்துவிட்டது. பெருமையாகப் புதுசை மாட்டினார்.

பளிச்சென்று எரிந்தது.

“பரவாயில்லையே!” என்று மனைவி கைதட்டினாள்.

சூரப்புலி பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். ஃபியூஸ் உள்ளேதான் இருந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குள் மாடி வீட்டம்மா மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணே, எங்க வீட்டு ஃபியூஸை எவனோ திருடிட்டுப் போயிட்டான். உங்க வீட்டுது பத்திரமா இருக்கா?”