இரண்டாவது ஈறுப்பட்டை

"வாய்க்குள்ள ஒண்ணுமே இல்ல தாயி. நாலு டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டாவ. எரியுது எரியுதுன்னு இவளா நெனச்சுக்கிடுதா" என்றார் சண்முகவேல், மனைவி வெயிலாச்சியை வாய் திறக்க விடாமல்.

கோவில்பட்டி பல் மருத்துவமனை நர்ஸ் பெனாசிர், வெயிலாச்சியின் ஈறில் ஒரு பட்டையைப் பொருத்தினாள். அதன் ஜோடியை வழக்கமாகப் பெனாசிர்தான் போட்டுக்கொள்வாள். நோயாளியின் வாய் உணர்வதெல்லாம் அவள் வாய்க்கும் வரும். அதற்குத்தான் சம்பளம்.

இன்று என்ன தோன்றியதோ, அதைச் சண்முகவேலிடம் நீட்டினாள். "ஒரு நிமிஷம் நீங்க போட்டுப் பாருங்க, அண்ணாச்சி."

சிரித்துக்கொண்டே போட்டவரின் சிரிப்பு பாதியில் நின்றது. கொதிக்கிற காபியை வாய் நிறைய ஊற்றிக்கொண்டதுபோல நாக்கும் ஈறும் எரிந்தன. காபியாவது தொண்டைக்குள் இறங்கிவிடும். இது இறங்கவில்லை. பத்து நொடிகூடத் தாங்காமல் பட்டையைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்டுக் கையை ஆட்டினார்.

"ஏட்டி, எப்பவுமா இப்படி இருக்கு?"

"இல்ல. காலைல கொஞ்சம் பரவால்ல."

சண்முகவேல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். காலை மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது.

நேற்று ராத்திரி, "குழம்புல உறைப்பே இல்ல, ஒழுங்கா ருசி பாத்துட்டுக் கொண்டா" என்று தட்டைத் தள்ளியிருந்தார். வெயிலாச்சி மிளகாய்த்தூள் போட்டுக் கொதிக்கவிட்டு, உள்ளங்கையில் ஊற்றி, ருசி பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்தாள்.