பெங்களூரு ஆர்டர்

“அனீஸ் ஆர்டர் போட்டிருக்கான்! கார்டுல காசும் கட்டியாச்சு!”

அடுக்களையிலிருந்து சகீலா கூவியது மட்டாஞ்சேரி கடைவீதி வரைக்கும் கேட்டிருக்கும். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை என்றால் இந்தக் கூவல் நிச்சயம். போனை நெஞ்சோடு அணைத்தபடி கூடத்துக்கு ஓடி வந்தாள்.

“நெய்மீன் அச்சார், அரைக் கிலோ. பெங்களூரு அட்ரஸ்தான். பார்த்தீங்களா?”

அவள் கணவர் சைபுதீன் பிரஷர் மாத்திரையைச் சாயாவோடு விழுங்கிவிட்டுப் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். “யார் வாங்கினா எனக்கென்ன? அவன் பேரை இந்த வீட்டுல எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நான் எங்கே எடுத்தேன்? போன்ல வந்திருக்கு, கேட்டோ.”

கொச்சங்காடியில் மிளகுக் கிடங்கு வைத்திருக்கும் மனிதர். இரண்டு வருடத்துக்கு முன்னால், திருப்பூணித்துறை கல்லூரிக்கென்று தினமும் பஸ் ஏறிய மகன் அனீஸ் ஒரு வருடமாக வகுப்புப் பக்கமே போகவில்லை என்று தெரிந்தது. கிடங்கில் சுமைக்காரர்கள் பார்க்க அவனை அறைந்துவிட்டார். அன்று சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு போனவன் நம்பரையும் மாற்றிவிட்டான். பெங்களூருவில் பார்த்ததாக யாரோ சொன்னார்கள், அவ்வளவுதான்.

உம்மாவுக்கு அந்த ஆன்லைன் ஊறுகாய்க் கடையை வைத்துக் கொடுத்ததே அவன்தான். “கார்டு எடுக்கலைன்னா வெளியூர்க்காரன் எவனும் வாங்க மாட்டான் உம்மா” என்று பேங்க் பேப்பர்களையெல்லாம் உட்கார்ந்து ஏற்றினான். அவன் போனதும் கடையும் படுத்தது, சகீலாவும் படுத்தாள். மாதக்கணக்கில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் சைபுதீனுக்குப் பொறுக்க முடியவில்லை. தன் கிரெடிட் கார்டை எடுத்தார். வாங்குபவர் பெயர் அனீஸ், ஊர் பெங்களூரு என்று போட்டார். ஓடிபி அவர் போனுக்கே வந்தது. அன்றைக்குத்தான் சகீலா எழுந்து, தலைவாரி, மீன் வாங்கப் போனாள்.

பதினாலு மாதமாக நடக்கிறது இந்த நாடகம். “கொரியர் ஆபீஸ் போற வழியிலதானே, கொடு” என்று முனகிக்கொண்டே பார்சலை வாங்கிப் போவார். அது நேராகக் கிடங்கு மேசையின் இழுப்பறைக்குள் போகும். சாமான் கிடைத்தது என்று ஆப்பில் அழுத்துவதும் அவரேதான்.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மகனின் பங்கைச் சோற்றில் பிசைந்து அழுதுகொண்டே தின்பார். கொஞ்ச மாதமாக அதில் உப்பும் குறைச்சல். கண்ணைக் கட்டிவிட்டாலும் உப்புத் தப்பாத கை சகீலாவுடையது. துக்கம் அவள் கைப்பக்குவத்தையும் தின்றுவிட்டதே என்று அதற்கும் சேர்த்து அழுவார்.

இன்று பார்சலுக்கு டேப் ஒட்டி முடிக்கும்போது அவள் போன் அடித்தது.

“ஆமா மோளே, கடை என்னோடதுதான். சொல்லுங்க.”

சைபுதீனுக்குப் பகீரென்றது. விற்கிறவர் வீட்டுக் கார்டிலேயே அதே கடையில் வாங்குவது விதிமீறல், விசாரிக்கிறோம் என்று கார்டுக் கம்பெனியிலிருந்து போன வாரம்தான் அவருக்கு மெயில் வந்திருந்தது. இந்த ஒரு மாதம் மட்டும் தப்பித்துவிடலாம் என்று மறுபடியும் அதே கார்டைப் போட்டிருந்தார். புத்தி கெட்ட மனிதர்.

“கார்டுக்காரர் பேரா?” என்றாள் சகீலா. “சொல்லுங்க, கேட்டுட்டுத்தான் இருக்கேன்.”

தான் செய்ததை எங்கேயோ மகன் சாப்பிடுகிறான் என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவள் எழுந்து நடமாடுகிறாள். அது போனால் அவளும் போய்விடுவாள். ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். பள்ளிவாசலில் அவர் கேட்ட துஆ ஒன்றுதான்: யா அல்லாஹ், அவளுக்குத் தெரிய வேண்டாம்.

திரும்பி வந்தபோது சகீலா சோற்றுப் பானையருகே உட்கார்ந்திருந்தாள்.

“என்ன கேட்டாங்க?”

“இனி நம்ம கடையில கார்டு எடுக்க முடியாதாம். நிறுத்திட்டாங்க.”

“ஏனாம்?”

“ஏதோ ரூலாம். எனக்கென்ன புரியுது?”

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. ஆனால் அவள் கண் சிவந்து கிடந்தது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவர் சொல்லாத பெயர் தானாக வாயில் வந்தது.

“அனீஸ் வேற வழியில காசு அனுப்புவான், சகீலா. அச்சார் இல்லாம அவனுக்குச் சோறு இறங்குமா? அடுத்த மாசமும் ஆர்டர் வரும், நீ வேணும்னா பாரு.”

சகீலா தட்டை வைத்துச் சோறு போட்டாள். அனீஸ் பெயர் எழுதிய பார்சலை எடுத்து, கத்தியால் டேப்பைக் கிழித்து, பாட்டிலைத் திறந்து, அவர் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சாப்பிடுங்க. ஆறு மாசமா உப்பைக் குறைச்சுத்தான் போடறேன், உங்களுக்குப் பிரஷர் இருக்குல்ல?”